நாடி காணா நோய்: டகாயாசு தமனியழற்சியும் அதன் இந்திய வரலாறும்

டகாயாசு தமனியழற்சி என்பது உடலின் மிகப் பெரிய இரத்தக்குழாயான பெருந்தமனியையும் அதிலிருந்து பிரியும் முதன்மைக் கிளைகளையும் தாக்கும் அரிய அழற்சி நோய். பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்டவர்களிடம், குறிப்பாக இளம்பெண்களிடம் காணப்படுகிறது. மணிக்கட்டில் நாடித்துடிப்பு குறைவது அல்லது முற்றிலும் மறைவது இதன் புகழ்பெற்ற அடையாளம். அதனால் இதற்கு 'நாடியற்ற நோய்' என்ற பெயரும் உண்டு.

அந்தப் பெயர் ஜப்பானில் பிறந்தது. ஜப்பானிய நோயாளிகளுக்கு அது பொருத்தமாக இருந்தது. இந்தியாவிலோ இந்நோய் பல வேளைகளில் வேறு முகத்துடன் வந்தது. நாடி நன்றாகத் துடித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களிடமும் சிறுவர்களிடமும் கடுமையான உயர் இரத்த அழுத்தமாக அது தோன்றியது. பாடநூலின்படி அது வழக்கத்துக்கு மாறான வெளிப்பாடு. இந்திய மருத்துவமனைகளிலோ அதுவே வழக்கமாக இருந்தது. இந்த வேறுபாட்டை இந்திய மருத்துவர்கள் கண்டறிந்து, நோயின் வரையறையையே திருத்தியமைத்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

தமனியில் நிகழ்வது

இதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருந்தமனி புறப்படுகிறது. சற்று மேலே சென்று, வில்போல் வளைந்து, மார்பு வழியாக வயிற்றுக்கு இறங்குகிறது. வளைவிலிருந்து தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் செல்கின்றன. கைக்குச் செல்லும் கிளை காறை எலும்பின் அடியில் போவதால் காறையடித் தமனி எனப்படும். வயிற்றுப் பகுதியில் குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் கிளைகள் பிரிகின்றன. தொப்புள் அளவில் பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து கால்களுக்குச் செல்கிறது.

தமனியின் சுவர் மூன்று அடுக்குகள் கொண்டது. பெருந்தமனி போன்ற தடித்த குழாயின் வெளியடுக்குக்கு உணவூட்டத் தனியே நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. டகாயாசு நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் அணுக்கள் இந்த நுண்குழாய்களைச் சுற்றி முதலில் திரள்கின்றன. அழற்சி வெளியிலிருந்து உள்நோக்கிப் பரவுகிறது. சுவர் வீங்கித் தடிக்கிறது. அழற்சி ஆறும்போது தழும்பு ஏற்பட்டு, குழாயின் உள்வழி குறுகுகிறது. சில இடங்களில் முழுதும் அடைபடுகிறது. சுவர் வலுவிழந்த இடங்களில் குழாய் பலூன் போல் புடைப்பதும் உண்டு.

நோயின் தொடக்கத்தில் காய்ச்சல், உடற்சோர்வு, எடை குறைதல், மூட்டுவலி போன்ற பொதுவான தொல்லைகளே இருக்கும். அவற்றை வைத்து யாரும் தமனியை ஐயுறுவதில்லை. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் குழாய் குறுகிய பின்னர்தான் தனி அடையாளங்கள் வருகின்றன. எந்தக் கிளை குறுகியது என்பதைப் பொறுத்து அடையாளம் மாறும். இந்நோயின் வரலாறு முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

பெயரிடப்படுவதற்கு முன்

1830-இல் ஜப்பானிய மரபு மருத்துவரான ரோகுஷூ யமமோத்தோ தம் மருத்துவக் குறிப்புநூலில் 45 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார். காய்ச்சலில் தொடங்கிய அந்நோயாளியின் கை நாடி மறைந்தது. பின்னர் கழுத்துத் துடிப்பும் குன்றியது. பதினோராம் ஆண்டில் அவர் திடீரென இறந்தார். நாடி பார்த்தல் அக்கால ஜப்பானிய மருத்துவத்தின் அடிப்படைப் பயிற்சி. ஆகவே நாடி இல்லாததை அம்மருத்துவர் தவறவிடவில்லை.

நம் சித்த மருத்துவமும் நாடியை நோயறிதலின் முதல் வாயிலாகக் கொண்டது. வாதம், பித்தம், ஐயம் மூன்றையும் மணிக்கட்டில் விரல் வைத்து உணர்வது அதன் முறை. ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்ப்பது மரபு. ஒரு கையில் மட்டும் நாடி மறையும் ஒரு நோய்க்கு, இரு கைகளையும் தொட்டு ஒப்பிடுவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் காண்போம்.

ஐரோப்பாவிலும் இத்தகைய நோயாளிகள் காணப்பட்டனர். 1839-இல் ஜான் டேவி, கைகளில் நாடி இழந்த 55 வயதுப் படை அதிகாரி ஒருவரைப் பற்றி எழுதினார். இந்த டேவி இலங்கையில் படை மருத்துவராகப் பணியாற்றியவர். அத்தீவின் உட்பகுதியைப் பற்றி 1821-இல் நூல் வெளியிட்டவர். 1856-இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் சேவரி, இரு கைகளின் தமனிகளும் கழுத்தின் இடப்பக்கத் தமனியும் முற்றிலும் அடைபட்டிருந்த 22 வயதுப் பெண்ணை விவரித்தார். இவை தனித்தனிச் செய்திகளாகவே நின்றன. ஒரே நோயின் வெவ்வேறு காட்சிகள் என்று அப்போது எவரும் இணைத்துப் பார்க்கவில்லை.

கண் மருத்துவர் கண்டது

மிகிதோ டகாயாசு (1860–1938) ஜப்பானின் கனசவா நகரில் கண் மருத்துவப் பேராசிரியர். பார்வை மங்கி வந்த 21 வயதுப் பெண்ணின் விழித்திரையை அவர் ஆராய்ந்தார். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தைச் சுற்றி, நுண்ணிய இரத்தக்குழாய்கள் மாலைபோல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. இதுவரை காணாத இம்மாற்றத்தை அவர் விவரித்த கட்டுரை 1908-இல் வெளியானது.

ஒனிஷி, ககோஷிமா என்ற இரு மருத்துவர்களும் இதேபோன்ற விழித்திரை மாற்றம் கொண்ட நோயாளிகளைப் பற்றித் தெரிவித்தனர். அவர்கள் ஒரு முக்கியமான செய்தியைச் சேர்த்தனர்: அந்த நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி இல்லை. கண்ணுக்கும் கைக்கும் என்ன தொடர்பு? விடை பெருந்தமனியின் வளைவில் இருந்தது. அங்கிருந்து தலைக்கும் கைகளுக்கும் பிரியும் கிளைகள் குறுகியதால் கைக்கு இரத்தம் குறைந்து நாடி மறைந்தது. கண்ணுக்கும் இரத்தம் குறைந்ததால், அதை ஈடுகட்ட விழித்திரையில் புதிய இணைப்புக் குழாய்கள் தோன்றின.

டகாயாசு கண்ணை மட்டுமே ஆராய்ந்தார்; தமனியை அவர் பார்க்கவில்லை. ஆயினும் நோய் அவர் பெயரைப் பெற்றது. 1951-இல் ஷிமிசு, சானோ ஆகிய இருவரும் இதன் அடையாளங்களைத் தொகுத்து 'நாடியற்ற நோய்' என்று அழைத்தனர். அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. எளிதில் நினைவில் நிற்கும் பெயர் அது. ஆனால் பெயரைப் படித்த மாணவர், நாடி இல்லாத நோயாளியை மட்டுமே தேடுவார் அல்லவா? நாடி உள்ள நோயாளி அவர் கண்ணுக்குத் தப்பிவிடுவார்.

மும்பை, 1963

மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையும் அதனோடு இணைந்த சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியும் இந்த வரலாற்றில் முக்கிய இடம் பெறுபவை. அங்கே அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் பிரஃபுல்ல குமார் சென். 1968 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் மனித இதயமாற்று அறுவை மருத்துவத்தைச் செய்தவர் என்று பலரும் அவரை அறிவர். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், நோய்க்குறியியலாளர் எஸ்.ஜி. கினரே உள்ளிட்டோருடன் சேர்ந்து அவர் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அக்கட்டுரை விவரித்த நோயாளிகளிடம் குறுக்கம் பெருந்தமனியின் வளைவில் இல்லை. மார்பின் கீழ்ப்பகுதியிலும் வயிற்றிலும் இருந்தது. கைகளில் நாடி வலுவாக இருந்தது. இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. கால்களில் நாடி மெலிந்திருந்தது. பிறவியிலேயே பெருந்தமனி குறுகியிருக்கும் குறைபாடு ஒன்று உண்டு. அது வழக்கமாக வளைவு முடியும் இடத்தருகே இருக்கும். சென் குழுவினர் கண்ட குறுக்கமோ அதற்குக் கீழே, நடுப்பகுதியில் இருந்தது. எனவே 'நடுப் பெருந்தமனி நோய்த்தொகுதி' என்று அதற்குப் பெயரிட்டனர். வெட்டியெடுத்த தமனித் துண்டுகளில் அழற்சியின் தடயங்களைக் கினரே போன்ற நோய்க்குறியியலாளர்கள் கண்டனர்.

இவ்வாறு ஜப்பானில் தலையும் கைகளும் பாதிக்கப்பட்ட அதே நோய், இந்தியாவில் வயிற்றையும் சிறுநீரகத் தமனிகளையும் மிகுதியாகத் தாக்குவது மெல்ல வெளிப்பட்டது. இந்திய மருத்துவ எழுத்துகளில் 'பெருந்தமனி – தமனியழற்சி' என்ற பொதுப்பெயர் நெடுங்காலம் வழங்கியது. நாடியைப் பெயரிலேயே சேர்க்காத அச்சொல் இங்குள்ள நோயாளிகளுக்குப் பொருத்தமாக இருந்தது.

இரத்த அழுத்தம் ஏன் உயர்கிறது?

சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஹாரி கோல்ட்பிளாட் 1934-இல் நாய்களில் செய்த சோதனையால் காட்டினார். சிறுநீரகத் தமனியை ஒரு சிறு கவ்வியால் அவர் ஓரளவு இறுக்கினார். நாயின் இரத்த அழுத்தம் உயர்ந்தது, உயர்ந்தே நின்றது. தனக்கு வரும் இரத்தம் குறைவதைக் கண்ட சிறுநீரகம், உடல் முழுவதும் அழுத்தம் குறைந்துவிட்டதாகக் கொண்டு ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் தொடர்விளைவாகக் குழாய்கள் சுருங்குகின்றன, உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது.

டகாயாசு நோயில் அந்தக் கவ்வியின் வேலையை அழற்சி செய்கிறது. பதினைந்து வயதுச் சிறுமிக்குச் சிறுநீரகத் தமனி குறுகினால், தலைவலி வரலாம், மூச்சு இரைக்கலாம், வலிப்பு வரலாம், மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம், இதயம் தளர்ந்துபோகலாம். இவற்றில் எதுவும் 'நாடியற்ற நோய்' என்ற பெயரை நினைவூட்டுவதில்லை. தலைவலிக்குக் கண்ணாடி மாற்றப்படும். மூச்சிரைப்புக்கு ஆஸ்துமா மருந்து தரப்படும். இரத்த அழுத்தம் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இரத்த அழுத்தம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் குறைவு.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. இரத்த அழுத்தத்தை நாம் கையில் அளக்கிறோம். கைக்குச் செல்லும் காறையடித் தமனியே குறுகியிருந்தால், அந்தக் கையில் கிடைக்கும் அளவு உடலின் உண்மையான அழுத்தம் அன்று. இரு கைத் தமனிகளும் சிறுநீரகத் தமனியும் ஒன்றாகக் குறுகிய நோயாளியின் இதயமும் மூளையும் கடும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். கையில் கட்டிய கருவியோ குறைந்த அளவைக் காட்டும். அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர் வீட்டில் பக்கவாதத்தால் விழக்கூடும். அத்தகையவர்களுக்குக் காலில் அளந்து பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். இயல்பாகக் கால் அழுத்தம் கை அழுத்தத்துக்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ இருக்கும். கையில் மிகுந்தும் காலில் குறைந்தும் இருந்தால் நடுப் பெருந்தமனியில் தடை உண்டு என்று பொருள். கையில் குறைந்தும் காலில் மிகுந்தும் இருந்தால் கைத் தமனிகளில் தடை.

கையில் துணிப்பட்டை கட்டி, கேட்புக்குழல் வைத்து, ஒலி கேட்டு இரத்த அழுத்தம் அளக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரொட்கோவ் 1905-இல் அறிவித்தார். டகாயாசுவின் கட்டுரைக்கு மூன்றாண்டுகள் முந்தியது அது. இந்நோயை ஐயுறுவதற்கு வேண்டிய கருவி அக்காலம் தொட்டே மருத்துவர்களின் மேசையில் இருந்திருக்கிறது.

இரு நாடுகளை ஒப்பிட்டபோது

இந்திய நோயாளிகள் வேறுபட்டவர்கள் என்ற கருத்தை நேரடி ஒப்பீட்டால் சோதிக்க, சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவனத்தின் பி.கே. சர்மாவும் டோக்கியோவின் புஜியோ நுமானோவும் தம் குழுவினருடன் இணைந்தனர். 102 இந்திய நோயாளிகளையும் 80 ஜப்பானிய நோயாளிகளையும் ஒப்பிட்ட அவர்களது ஆய்வு 1997-இல் வெளியானது.

ஜப்பானிய நோயாளிகளில் ஏறத்தாழ அனைவரும் பெண்கள். இந்திய நோயாளிகளிலோ மூவரில் ஒருவருக்கு மேல் ஆண்கள். ஜப்பானியரிடம் தலைச்சுற்றல், நாடியின்மை, இதயத்தின் பெருந்தமனி வால்வு கசிதல் ஆகியவை மிகுதி. இந்தியரிடம் உயர் இரத்த அழுத்தமும் தலைவலியும் மிகுதி. ஜப்பானில் நோய் வளைவிலும் மேற்கிளைகளிலும் மிகுந்திருந்தது. இந்தியாவில் வயிற்றுப் பெருந்தமனியிலும் சிறுநீரகத் தமனிகளிலும் மிகுந்திருந்தது.

இதே காலத்தில், நோய் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைக் கொண்டு அதை ஐந்து வகையாகப் பிரிக்கும் முறை வகுக்கப்பட்டது. முதல் வகை வளைவின் கிளைகளை மட்டும் தாக்குவது. டகாயாசு கண்ட பெண் இவ்வகையினர் எனலாம். நான்காம் வகை வயிற்றுப் பெருந்தமனியையும் சிறுநீரகத் தமனிகளையும் மட்டும் தாக்குவது. ஐந்தாம் வகை பெருந்தமனி முழுவதையும் தாக்குவது. இந்த வகைப்பாட்டுக்குப் பிறகு, நாடி உள்ள நோயாளியும் நாடியற்ற நோயாளியும் ஒரே நோயின் இரு வகையினர் என்பது தெளிவாயிற்று.

விதிகளைத் திருத்துதல்

ஒரு நோயை எப்படி உறுதி செய்வது என்பதற்கு மருத்துவத்தில் விதித்தொகுதிகள் உண்டு. 1988-இல் ஜப்பானியர் இஷிகாவா வகுத்த விதிகளில், நோயாளி 40 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது கட்டாயம். இடது, வலது காறையடித் தமனிகளின் நடுப்பகுதிப் பாதிப்பு முதன்மை அடையாளங்களாக இருந்தன. 1990-இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவக் கல்லூரி ஆறு விதிகளை வெளியிட்டது. அவை: 40 வயதுக்குள் தொடக்கம்; கை அல்லது கால் அசைவில் சோர்வும் வலியும்; கை நாடி குன்றுதல்; இரு கைகளின் அழுத்தத்தில் 10 மி.மீ. பாதரசத்துக்கு மேல் வேறுபாடு. காறையடித் தமனி அல்லது பெருந்தமனி மீது கேட்புக்குழலில் இரைச்சல். தமனிப் படத்தில் குறுக்கம். ஆறில் மூன்று இருந்தால் நோய் எனக் கொள்ளலாம்.

இவ்விதிகள் கைகளை மையமாகக் கொண்டவை. வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனியும் மட்டும் பாதிக்கப்பட்ட இந்திய இளைஞர் இவற்றில் எளிதில் அடங்கமாட்டார். அதனால் 1990-களின் நடுவில் சர்மாவும் அவருடன் பணியாற்றியோரும் இஷிகாவாவின் விதிகளைத் திருத்தினர். கட்டாய வயது வரம்பை நீக்கினர். ஒரு மாதமாவது நீடித்த சிறப்பு அறிகுறிகளை முதன்மை அடையாளமாகச் சேர்த்தனர். இதயத் தமனிப் பாதிப்பையும் துணை அடையாளங்களில் சேர்த்தனர். இந்தியாவுக்கு வெளியிலும் இவ்விதிகள் பயன்பட்டன.

தென்னிந்தியாவின் பங்களிப்பில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் ஆய்வு குறிப்பிடத்தக்கது. அங்கு 88 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, நோய் எவ்வாறு வளர்கிறது என்பதை விவரித்த கட்டுரை 1989-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. ஒருமுறை பார்த்து எழுதுவதற்கும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. இத்தகைய ஆய்வுகளிலிருந்துதான் கடும் உயர் அழுத்தம், இதயத் தளர்ச்சி போன்றவை உள்ளவர்களுக்கே ஆபத்து மிகுதி என்பது விளங்கியது.

2022-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகள் இணைந்து புதிய வகைப்பாட்டு விதிகளை வெளியிட்டன. வயது வரம்பு 60 ஆக உயர்த்தப்பட்டது. பெருந்தமனி அல்லது அதன் கிளைகளின் அழற்சிக்குப் படச்சான்று கட்டாயமாக்கப்பட்டது. சிறுநீரகத் தமனியோடு சேர்ந்த வயிற்றுப் பெருந்தமனிப் பாதிப்புக்குத் தனி மதிப்பெண் தரப்பட்டது. மும்பையில் 1963-இல் எழுதப்பட்ட செய்தி உலக விதியில் இடம்பெற அறுபது ஆண்டுகள் ஆயின.

வேலூரும் கொடைக்கானலும்

தமிழ்நாட்டில் இந்நோயின் ஆய்வு மையமாக விளங்குவது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அதை நிறுவிய ஐடா ஸ்கட்டர், இளமையில் திண்டிவனத்தில் தந்தையுடன் தங்கியிருந்தபோது, ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்க முடிவு செய்தவர். 1900-இல் வேலூரில் சிறு மருந்தகமாகத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். ஓய்வுக்காலத்தைக் கொடைக்கானல் மலையில் கழித்து, 1960 மே மாதம் அங்கேயே காலமானார். பழனி மலைத்தொடரில் வாழ்வோருக்கு அவர் அந்நியர் அல்லர். பெண்களின் நோய் பெண் என்பதாலேயே கவனிக்கப்படாமல் போகக் கூடாது என்பது அவர் வாழ்வின் பாடம். இளம்பெண்களை மிகுதியாகத் தாக்கும் இந்நோய்க்கு அப்பாடம் இன்றும் பொருந்தும்.

அக்கல்லூரியின் மூட்டுநோய் மருத்துவத் துறையைச் சேர்ந்த தேவாசிஷ் தண்டாவும், லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ராம்நாத் மிஸ்ராவும் பிற மையங்களின் மருத்துவர்களுடன் இணைந்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினர். 'இந்திய டகாயாசு நோய்ச்செயல் மதிப்பெண் 2010' என்று அது அழைக்கப்படுகிறது. 2013-இல் இதழில் வெளியானது. அதன் தேவையை விளக்க வேண்டும். இந்நோயில் அழற்சி எரிந்துகொண்டிருக்கிறதா, அணைந்து தழும்பு மட்டும் எஞ்சியிருக்கிறதா என்று அறிவது கடினம். இரத்தச் சிவப்பணுப் படிவு வேகம் இயல்பாக இருக்கும்போதே தமனி உள்ளுக்குள் குறுகிக்கொண்டு போகலாம். எரிவதை அணைந்ததாக எண்ணி மருந்தை நிறுத்தினால் இன்னொரு தமனியை இழக்க நேரிடும். அணைந்ததை எரிவதாக எண்ணி ஸ்டீராய்டு மருந்தைத் தொடர்ந்தால் எலும்பும் சர்க்கரை அளவும் கெடும்.

வேலூர் – லக்னோ முறை 44 கூறுகளைக் கொண்டது. அவற்றில் 33 இதயமும் இரத்தக்குழாய்களும் சார்ந்தவை. முந்தைய பார்வைக்குப் பிறகு புதிதாகத் தோன்றியவற்றை மட்டுமே மருத்துவர் குறிக்கிறார். ஏழு முக்கியக் கூறுகளுக்கு இரண்டு மதிப்பெண், மற்றவற்றுக்கு ஒன்று. நோயாளியிடம் கேட்டும், தொட்டும், அழுத்தம் அளந்தும் இதை நிரப்பிவிடலாம். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வெளிநாட்டு ஆய்வாளர்களும் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர்.

வேலூர் மருத்துவர்கள் குழந்தைப் பருவத்தில் தொடங்கும் டகாயாசு நோயைப் பற்றியும் எழுதினர். 40 குழந்தைகளைப் பற்றிய அவர்களது கட்டுரை 2014-இல் வெளியானது. அங்கும் உயர் இரத்த அழுத்தமே முன்னணியில் நின்றது.

காசநோய் பற்றிய கேள்வி

இந்நோய் எதனால் வருகிறது? இந்தியாவிலும் மெக்சிகோவிலும் காசநோய் பரவலாக இருப்பதும், டகாயாசு நோயாளிகள் பலருக்கு மான்டோ தோல் சோதனை நேர்மறையாக இருப்பதும், தமனிச்சுவரில் காணும் அழற்சித் திரள்கள் காசநோயை ஒத்திருப்பதும் நெடுங்காலமாக ஐயத்தை எழுப்பின. மெக்சிகோவில் 107 நோயாளிகளைப் பற்றி 1977-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வும் இத்தொடர்பைச் சுட்டியது. ஆனால் காசநோய்க் கிருமியே நேரடிக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் எந்த நோயாளிக்கும் மான்டோ சோதனை நேர்மறையாக இருக்க வாய்ப்பு மிகுதி என்பதையும் கருத வேண்டும்.

மரபுக்கூறின் பங்கு இதைவிட உறுதியானது. எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய ஹெச்.எல்.ஏ. பி52 என்ற மரபணு வகை ஜப்பானிய நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்பட்டது. இந்தியா உள்ளிட்ட பிற நாட்டினரிடமும் அதன் தொடர்பு தெரியவந்தது. இந்த மரபணு வகை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதில்லை. இது தொற்றுநோய் அன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோயும் அன்று. மணப்பேச்சின்போது நோயை மறைக்கவோ குடும்பத்தை ஒதுக்கவோ காரணம் இல்லை.

மருத்துவம்

அழற்சியை அடக்க ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் முதலில் தரப்படுகிறது. அதன் அளவைக் குறைக்க மெத்தோட்ரெக்சேட், அசாதயோபிரின், மைக்கோபீனோலேட் போன்ற மருந்துகள் துணையாகின்றன. டோசிலிசுமாப் என்ற ஊசிமருந்துக்கு ஜப்பான் 2017-இல் இந்நோய்க்கென ஒப்புதல் அளித்தது. குறுகிய சிறுநீரகத் தமனியையோ பெருந்தமனியையோ பலூன் செலுத்தி விரிப்பது இந்தியாவில் பல மையங்களில் செய்யப்படுகிறது. அழற்சி அடங்கிய பிறகு செய்தால் பயன் நீடிக்கும். எரியும் தமனியை விரித்தால் மீண்டும் குறுகும் வாய்ப்பு மிகுதி.

காலத்தோடு கண்டறியப்பட்ட நோயாளிகள் பலர் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், குழந்தை பெறுகிறார்கள். கருவுறுவதற்கு முன் மருத்துவரைக் கலந்து மருந்துகளை மாற்றிக்கொள்வதும், பேறுகாலத்தில் இரத்த அழுத்தத்தைச் சரியான இடத்தில் அளப்பதும் கட்டாயம். மெத்தோட்ரெக்சேட், மைக்கோபீனோலேட் இரண்டும் கருவுக்குத் தீங்கானவை.

மலையூர்களில் கவனிக்க வேண்டியவை

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குப் புதிதாக வரும் நோய் இது. ஆகவே அச்சம் வேண்டாம். ஆனால் அரிய நோய் என்பதாலேயே அது மற்றொன்றாகக் கருதப்பட்டுவிடுகிறது. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல் போன்ற மலையூர்களில் இந்தத் தவறுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். விரல்கள் சில்லிட்டால் குளிர் என்கிறோம். ஏற்றத்தில் கால் சோர்ந்தால் பாதை செங்குத்து என்கிறோம். மூச்சு வாங்கினால் உயரம் என்கிறோம். பெரும்பாலும் அவை சரியான காரணங்களே. ஆனால் ஒரு கை மட்டும் எப்போதும் சில்லிட்டிருந்தால் அது குளிரால் அன்று. குளிர் இரு கைகளுக்கும் பொதுவானது.

பள்ளி மாணவி தலை பின்னும்போதோ கொடியில் துணி காயப்போடும்போதோ ஒரு கை விரைவில் சோர்ந்து வலித்து, இறக்கியதும் தேறினால் கவனிக்க வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் வாரக்கணக்கில் நீடித்து எடை குறைந்தால் கவனிக்க வேண்டும். இளவயதில் உயர் இரத்த அழுத்தம் தெரியவந்தால் அதை மனக்கவலையின் விளைவு என்று விட்டுவிடக் கூடாது. காரணம் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தம் பார்க்கும் வசதி வந்திருக்கிறது. மலைக்குடியிருப்புகளுக்கு இது பெரும் உதவி. சர்க்கரை, இரத்த அழுத்தம் என்றால் நம் கவனம் பெரியவர்களிடமே செல்கிறது. டகாயாசு நோயோ அந்த வயதுக்கு வெகுமுன்பே வருவது. அதே வீட்டில் தலைவலியோடு படுத்திருக்கும் பேத்திக்கும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லலாம்.

அளக்கும்போது இரு கைகளிலும் அளக்க வேண்டும். சிறு வேறுபாடு நலமானவர்களிடமும் இருக்கும். பெரிய வேறுபாடு மீண்டும் மீண்டும் தெரிந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இளவயதினருக்கு அழுத்தம் மிகுந்திருந்தால் காலிலும் அளக்கச் சொல்லிக் கேட்கலாம். கைப்பட்டை ஒன்றும் இரண்டு நிமிட நேரமும் போதும். பிறகு வேண்டிய படங்களை எடுக்க மதுரை, வேலூர், சென்னை போன்ற ஊர்களில் வசதி இருக்கிறது.

யமமோத்தோ தம் விரல்களை நோயாளியின் மணிக்கட்டில் வைத்துக் கண்டறிந்ததற்கும், சென் குழுவினர் கையையும் காலையும் ஒப்பிட்டுக் கண்டறிந்ததற்கும் அடிப்படை ஒன்றே. ஓரிடத்தில் நாடி இருப்பதால் எல்லா இடத்திலும் இருக்கும் என்று அவர்கள் கொள்ளவில்லை. மறுபக்கத்தையும் தொட்டுப் பார்த்தார்கள்.